‘சர்க்கரை–இதயம்’ முழுப் பரிசோதனைத் தொகுப்பு: 5,800 ரூபாய்க்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

திருச்சியில் உள்ள ஒரு பெரிய தனியார் மருத்துவமனை, சர்க்கரை நோயாளிகளின் இதயத்துக்கென்றே வகுத்து விற்கும் பரிசோதனைத் தொகுப்பை நானும் என் அக்காவும் சென்ற மாதம் ஒரே நாளில் எடுத்துக்கொண்டோம். கட்டணம் ஆளுக்கு 5,800 ரூபாய். எனக்கு வயது 56, சர்க்கரை வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. அக்காவுக்கு வயது 62, அவருக்கு 14 ஆண்டுகள். எங்கள் அப்பாவும் சர்க்கரை நோயாளிதான். 58 வயதில் ஒரு நாள் மதியம், நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லித் திண்ணையில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆகவே இந்தத் தொகுப்பின் விளம்பரப் பலகையைப் பார்த்தவுடன் விலையைப் பற்றி நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதயத்தைப் படம் பிடிக்கும் கருவிகளில் எதுவும் அங்கே குறையவில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வராமல் காப்பதற்கு எந்த அளவுகளைப் பார்த்து மருத்துவர் முடிவெடுக்க வேண்டுமோ, அவற்றில் சில அங்கே எடுக்கப்படவே இல்லை. வேறு சில அவசரகதியில் எடுக்கப்பட்டன. எடுத்தவற்றிலும் ஒன்றிரண்டு தவறாகப் படிக்கப்பட்டன. விடுபட்டவை அனைத்தும் மலிவானவை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை 7 மணிக்கு டோக்கன் கொடுத்து, வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, இட்லியும் பொங்கலும் உள்ள காலை உணவுக்குச் சீட்டுக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு அறைக்கும் அழைத்துச் செல்ல ஒரு பெண் ஊழியர் உடன் வந்தார். மதியம் 2 மணிக்குள் எல்லா அறிக்கைகளும் கையில் இருந்தன. கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன என்பதையும், சிறுநீர் மாதிரி கொடுக்கக் காத்திருப்பவர்களின் நலன் கருதி, இங்கே பதிவு செய்கிறேன்.

தொகுப்பில் அடங்கியவை இவை: ஈசிஜி, ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ, டிரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கும் டிஎம்டி, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், உணவுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை, மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல், தைராய்டு, சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை, இதய மருத்துவரின் ஆலோசனை, உணவியல் ஆலோசனை. பட்டியலாகப் படிக்கும்போது நிறைவாகத்தான் தெரிகிறது. இவற்றில் எக்கோவைப் பாராட்ட வேண்டும். பரிசோதித்தவர் அவசரப்படாமல் 20 நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆனால் என் அறிக்கையின் கடைசி வரியில் ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்று அச்சிட்டிருந்ததை யாரும் விளக்கவில்லை. இதயம் சுருங்கும் வலிமை நன்றாக இருந்தாலும், துடிப்புக்கு இடையே அது தளர்ந்து விரிவதில் சற்றுத் தாமதம் ஏற்படுகிறது என்பதே அதன் பொருள். வயதானவர்களிடமும், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களிடமும் இது பரவலாகக் காணப்படும். இரண்டு வாக்கியங்களில் முடிந்திருக்க வேண்டிய இந்த விளக்கம் கிடைக்காததால் நான் இரண்டு இரவுகள் தூக்கம் இழந்தேன்.

டிஎம்டிதான் இந்தத் தொகுப்பின் முக்கியமான கவர்ச்சி. என் முக்கியமான ஆட்சேபமும் அதன்மீதுதான். நான் 9 நிமிடம் நடந்து ‘நெகட்டிவ்’ என்ற சான்றுடன் இறங்கினேன். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு 6 நிமிடம் நடந்தார்; நெஞ்சில் வலியோ மூச்சுத்திணறலோ இல்லை; ஆனால் வரைபடத்தில் ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியதால் ‘பாசிட்டிவ்’, அதாவது இதயக் குழாயில் அடைப்பு இருக்கலாம், என்று எழுதிவிட்டார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் ஒருங்கிணைப்பாளர் வந்து, “அம்மா, நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க, ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாம். இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?” என்று கேட்டார். அக்காவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஒரு பரிசோதனைக்கும் ஒரு சிகிச்சைக்கும் இடையே ஒரு மருத்துவரின் உரையாடல் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே அந்த இடத்தில் இன்சூரன்ஸ் அட்டை இருந்தது.

டிஎம்டி பயனற்ற பரிசோதனை என்று நான் சொல்லவில்லை. நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பவருக்கு அது உதவும். எந்த அறிகுறியும் இல்லாதவரை வரிசையில் நிறுத்தி ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதிலும் பெண்களிடம் பொய்யான ‘பாசிட்டிவ்’ வருவது அதிகம் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்த ஒன்று. அறிகுறி இல்லாத சர்க்கரை நோயாளிகள் 1,123 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் டிஎம்டியைவிட நுட்பமான இதய ஸ்கேன் செய்து, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ‘டயாட்’ என்ற ஆய்வு 2009-இல் வெளியானது. ஸ்கேன் செய்துகொண்ட பிரிவில் மாரடைப்போ இதய மரணமோ குறிப்பிடும் அளவுக்குக் குறையவில்லை. அதே 2009-இல் வெளியான ‘பாரி 2டி’ ஆய்வு, இதயக் குழாய் நோய் உறுதியாகி, ஆனால் அவசர நிலையில் இல்லாத 2,368 சர்க்கரை நோயாளிகளை எடுத்துக்கொண்டது. உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களும், தீவிரமான மருந்துச் சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களும் ஐந்து ஆண்டு முடிவில் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில், அதாவது 88 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு அவசர ஆஞ்சியோ உயிர் காக்கும் என்பதில் இருவேறு கருத்து இல்லை. வலியே இல்லாமல் துணிக்கூடையோடு மொட்டைமாடி ஏறி இறங்கும் ஒருவரை ‘நாளைக்கே’ என்று அவசரப்படுத்துவதற்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை.

நாங்கள் அட்மிட் ஆகவில்லை. அறிக்கைகளை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில், அக்கா முன்பு பார்த்துவந்த சர்க்கரை நோய் மருத்துவரிடம் போனோம். சிறிய கிளினிக், கட்டணம் 400 ரூபாய். அவர் டிஎம்டி வரைபடத்தை ஒதுக்கிவிடவில்லை, ஆனால் அதற்கு முன் வேறு இரண்டு காரியங்களைச் செய்தார். அக்காவைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து இரத்த அழுத்தம் பார்த்தார், 146/84. எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்தில் மறுபடி பார்த்தார், 120/76. நிற்கும்போது மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால், நீண்ட கால சர்க்கரையால், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நம் முயற்சியின்றி நடத்தும் தானியங்கி நரம்புகள் பழுதடைந்திருக்கின்றனவா என்று சந்தேகிக்க வேண்டும் என்றார். விடியற்காலையில் படுக்கையைவிட்டு எழும்போது தலை சுற்றுகிறது என்று அக்கா ஒரு வருடமாகச் சொல்லிவந்ததற்கு அன்றுதான் காரணம் தெரிந்தது. இதயத்தின் வலியை மூளைக்குக் கொண்டுசெல்வதும் இந்த நரம்புகளே. அவை மங்கிவிட்டால் மாரடைப்பு வலியில்லாமல், வியர்வையாகவோ அசதியாகவோ மூச்சிரைப்பாகவோ மட்டும் வரக்கூடும். அப்பாவின் திண்ணை எனக்கு நினைவுக்கு வந்தது. 5,800 ரூபாய்த் தொகுப்பில் இல்லாத இந்தப் பரிசோதனைக்கு ஒரு கட்டிலும் ஒரு பிரஷர் கருவியும் எட்டு நிமிடமும் போதும்.

அவர் எழுதிக் கொடுத்த இரண்டாவது பரிசோதனை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். தொகுப்பில் இருந்த சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் ‘அல்புமின் இல்லை’ என்றுதான் வந்திருந்தது. காரணம், அந்தக் குச்சிப் பரிசோதனைக்குச் சிறிய அளவுகள் தெரியாது. விகிதத்தில் அக்காவுக்கு 86 வந்தது. 30-க்குள் இருக்க வேண்டும். ஒரு முறை கூடியதை வைத்து முடிவு செய்யக் கூடாது, சில மாதங்களுக்குள் மீண்டும் பார்க்க வேண்டும் என்று அவர் எச்சரித்தார். மீண்டும் பார்த்தபோதும் 80-ஐத் தாண்டியே இருந்தது. சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன என்றால் இதயத்தின் குழாய்களும் பத்திரமாக இல்லை என்று கொள்ள வேண்டும். இந்தக் கசிவு உள்ள 160 பேரைக் கொண்டு டென்மார்க்கில் நடந்த ‘ஸ்டெனோ-2’ ஆய்வைப் பற்றி அவர் சொன்னார். ஒரு பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்தி, உணவு, நடை, புகைப்பழக்கத்தைக் கைவிடுதல் ஆகியவற்றையும் கவனித்து, மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை கொடுத்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் முதல் பிரிவில் இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களின் ஆயுள் சுமார் 8 ஆண்டுகள் கூடியிருந்தது. இதில் ஆஞ்சியோவும் இல்லை, டிரெட்மில்லும் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கென்று இதயத் தொகுப்பு விற்கும் ஒரு மருத்துவமனை, சில நூறு ரூபாய்ச் சிறுநீர்ப் பரிசோதனையை விட்டுவிட்டு வயிற்று ஸ்கேனைச் சேர்த்தது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்காவின் டிஎம்டி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சரியாக இருந்ததால், குழல் செலுத்தாமல் ஸ்கேனிலேயே இதயக் குழாய்களைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோவைத் தஞ்சாவூர் மருத்துவர் எடுக்கச் சொன்னார். சில இடங்களில் சுண்ணாம்புப் படிவு இருந்தது. 40 சதவீதத்தைத் தாண்டிய அடைப்பு எங்கும் இல்லை. ஸ்டென்ட் வைக்க வேண்டிய இடமே இல்லை. ஆனால் கொழுப்பு மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டிய தேவை முன்பைவிட அதிகம் என்று ஆனது.

கொழுப்பைப் பற்றிய பகுதியில்தான் அந்த மருத்துவமனையின் மீது எனக்கு உண்மையான வருத்தம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் எனக்கு 118. அறிக்கையில் ‘130-க்குக் கீழே நார்மல்’ என்று அச்சிட்டிருந்ததால் அந்த எண் தடித்த எழுத்தில்கூட வரவில்லை. ஆலோசனை சொன்ன மருத்துவரும் ‘கொழுப்பு நன்றாக இருக்கிறது’ என்று தாளைத் திருப்பினார். அந்த அளவுகோல் பொதுவானது. 40 வயதைக் கடந்து, சர்க்கரையோடு பிரஷரும் உள்ள என் போன்றவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் எல்டிஎல் எண்ணிக்கையில் அதிகமாகத் தெரியாவிட்டாலும், அதன் துகள்கள் சிறியதாகவும் அடர்த்தியாகவும் இருந்து குழாய்ச் சுவரில் எளிதில் புகும். கூடவே டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு ஏறியும் நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்கியும் இருக்கும். என் அறிக்கையில் இந்தக் கடைசி இரண்டுமே வரிசையாக இருந்தன. இதய நோய் இல்லாத 2,838 சர்க்கரை நோயாளிகளுக்கு அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ‘கார்ட்ஸ்’ ஆய்வில், பெரிய இதய, பக்கவாதப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே இரண்டு ஆண்டு முன்னதாக நிறுத்தினார்கள். அது 2004-இல் வெளியானது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு சர்க்கரை நோயாளியிடம் 118 நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு அவசரம் ஒன்றே காரணமாக இருக்க முடியும். எனக்கு முன்னால் ஒன்பது பேர், பின்னால் பதினான்கு பேர் காத்திருந்தார்கள்.

அக்கா இந்த மாத்திரையை மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்துவந்து, பக்கத்து வீட்டுக்காரர் ‘அது சர்க்கரையை ஏற்றும்’ என்று சொன்னதால் நிறுத்தியவர். அந்தப் பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. சர்க்கரை சிறிதளவு ஏறலாம். அந்தச் சிறிதளவைவிட மாரடைப்பில் குறையும் ஆபத்து பன்மடங்கு பெரியது என்பதைத் தஞ்சாவூர் மருத்துவர் பொறுமையாகச் சொன்னபோது அக்கா ஏற்றுக்கொண்டார். கொழுப்பு மாத்திரையைப் பற்றி மௌனமாக இருந்த திருச்சி மருத்துவர், எனக்கு ஆஸ்பிரின் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார் என்பது வேடிக்கை. மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அது அவசியம், அவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. இதய நோய் இல்லாத சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ‘அசென்ட்’ ஆய்விலோ, ஆஸ்பிரினால் பாதிப்புகள் 12 சதவீதம் குறைந்தன, பெரிய இரத்தக்கசிவு 29 சதவீதம் கூடியது. குடல் புண் வரலாறு உள்ள என்னிடம் அதைக் கேட்காமலே எழுதியிருக்க வேண்டியதில்லை.

இரத்த அழுத்தம் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மாடி ஏறி வந்தவனை நின்ற நிலையிலேயே, சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றி, ஊர் எது என்று கேட்டுக்கொண்டே பார்த்தார்கள். 152/90 என்று எழுதினார்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் பார்த்தபோது வீட்டில் ஒரு வாரச் சராசரி 134/82 வந்தது. முதல் எண்ணை நம்பியிருந்தால் எனக்கு இன்னொரு மாத்திரை கூடியிருக்கும். பிரஷர் அலட்சியப்படுத்தக்கூடிய அளவு அல்ல. 1998-இல் முடிவுகள் வெளியான பிரிட்டனின் பெரிய சர்க்கரை ஆய்வில், பிரஷர் சராசரியாக 154/87 இருந்த பிரிவைவிட, அதை 144/82-க்குக் கொண்டுவந்த பிரிவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைவாக இருந்தது. இன்று 130/80-க்குக் கீழே என்று சொல்கிறார்கள்.

சர்க்கரை அளவில் அவர்கள் காட்டிய கண்டிப்பு வேறு வகை. அக்காவின் எச்பிஏ1சி 7.4 இருந்ததைப் பார்த்து, ‘ஆறுக்குக் கீழே இறக்க வேண்டும்’ என்றார்கள். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களை ஆறுக்குக் கீழே இறக்க முயன்ற ‘அக்கார்ட்’ ஆய்வில் இறப்புகள் கூடியதால் 2008-இல் அந்தப் பகுதியையே முன்னதாக நிறுத்தினார்கள். அக்காவுக்கு 7-ஐ ஒட்டி இருந்தால் போதும், தாழ்நிலைச் சர்க்கரை வரக் கூடாது என்பதே தஞ்சாவூர் மருத்துவரின் கருத்து. எவ்வளவு இறக்குவது என்பதைவிட எந்த மருந்தால் இறக்குவது என்பதை அவர் அதிகம் யோசித்தார். 2015-இல் வெளியான ஆய்வில், இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளின் இதய மரணத்தை எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை 38 சதவீதம் குறைத்தது. இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் சேர்வதும் 35 சதவீதம் குறைந்தது. இந்த வகை மருந்துகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. 2025 மார்ச்சில் இந்தியாவில் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. அக்காவின் அல்புமின் கசிவை முன்னிட்டு அவருக்கு அதைத் தொடங்கினார். பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் சொல்ல வேண்டும், வாந்தியோ பட்டினியோ அறுவைச் சிகிச்சையோ என்றால் நிறுத்திவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கைகளோடு.

உணவியல் ஆலோசனைக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், சால்மன் மீன், ப்ரோக்கோலி என்று அச்சடித்த ஒரு தாள். காவிரிக் கரையில் மூன்று வேளையும் அரிசி உண்ணும் குடும்பத்துக்கு அது ஒரு சுற்றுலா விளம்பரம் போல இருந்தது. தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் சுண்டலையும் கூட்டுவது, ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பு, சுட்ட எண்ணெயில் மறுபடி பொரிப்பது இவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஒப்பிடுவதற்காக இதையும் குறிப்பிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், எங்கள் தெருவுக்கு வரும் பெண் தன்னார்வலர் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்துச் செல்கிறார். எக்கோ இல்லை, குளிர்சாதன அறை இல்லை. ஆனால் தொடர்ந்து வருகிறார், மாத்திரை மிச்சம் இருந்தால் ஏன் என்று கேட்கிறார். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டமும் 2023 முதல் இருக்கிறது என்பதைச் சர்க்கரை உள்ள வீடுகளில் அனைவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை உண்டு; இவர்கள் எல்லோரையும் டிரெட்மில்லில் ஏற்றுவது நடக்கிற காரியமும் அல்ல, தேவையும் அல்ல.

ஐந்துக்கு எத்தனை என்றால், ஏற்பாட்டுக்கு நான்கரை, கருவிகளுக்கு நான்கு, பரிசோதனைகளின் தேர்வுக்கு இரண்டு, ஆலோசனைக்கு ஒன்றரை கொடுப்பேன். மூச்சிரைப்போ நெஞ்சு அழுத்தமோ உள்ளவர் இந்தத் தொகுப்புக்குப் போகாமல் நேராக இதய மருத்துவரிடம் போவதே சரி. திடீரென்று வந்த வலி என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். அறிகுறி இல்லாதவர் இதை எடுத்தே தீருவது என்றால், டிஎம்டி வேண்டாம் என்று பதிவு மேசையில் எழுதிக் கொடுக்கலாம். கட்டணத்தில் 1,100 ரூபாய் கழிக்கிறார்கள், ஆனால் கேட்டால்தான் கழிக்கிறார்கள். அந்தப் பணத்தில் சிறுநீர் அல்புமின் விகிதத்தைச் சேர்க்கச் சொல்லலாம். பழைய அறிக்கைகளையும், ஒரு வாரம் வீட்டில் எழுதிவைத்த பிரஷர் அளவுகளையும் கொண்டுபோவது நல்லது. வாகனம் நிறுத்தும் இடம் காலை எட்டு மணிக்குள் நிரம்பிவிடுகிறது.